யானையை விரட்டிய ரத்தம்

நீராவிமட்டம் எஸ்டேட்டில் மனுஷருடைய ரத்தம் வெளியே கேட்க ஆரம்பித்தது, தென்மேற்கு மழை பிடிக்கிறதுக்கு முந்தின வாரம், தேயிலைச் செடிகளை வெட்டிவிடுகிற கவாத்துக் கத்தி பட்டு யேசுவடியானின் கட்டைவிரல் பிளந்த காலையில்தான். விரலைத் துணியால் சுற்றிக்கொண்டு அவர் வெட்டிய தேயிலைத் தூரின் மேல் உட்கார்ந்திருக்க, துணிக்குள்ளிருந்து காய்ந்த எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது, முதலில் ஒன்றிரண்டாக, அப்புறம் கைப்பிடிக் கடுகாக, அப்புறம் டப்பாவையே சட்டியில் கவிழ்த்தது போல. பக்கத்தில் நின்றவர்கள் பாம்போ என்று தூருக்கடியில் பார்த்தார்கள், தூறலோ என்று வானத்தைப் பார்த்தார்கள், கடைசியில் அவருடைய விரலைப் பார்த்தார்கள்.

"வலிக்குதாண்ணே?"

"வலி கெடக்கு. சும்மா இருக்கச் சொல்லுங்கப்பா இதை" என்றார் யேசுவடியான், யாரோ வேண்டுமென்றே செய்கிற மாதிரி.

அன்று சாயந்திரத்துக்குள் தொழிலாளர்கள் குடியிருக்கிற லைன் வீடுகளில் எல்லாரும் எல்லாருடைய நெஞ்சிலும் காதை வைத்துக் கேட்டுவிட்டார்கள். எல்லாரிடமும் இருந்தது. காயம் இல்லாதவர்களிடமும், தூங்குகிற குழந்தையிடமும், அடுப்பு அணைந்தபின் சட்டியில் மிச்சமிருக்கும் கடுகு நினைத்துக்கொண்டு வெடிப்பது போல, டிக் என்று ஒன்று, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று, வந்த உடனே அடங்கிவிடுகிற சின்னச் சத்தம். மழை வந்து அட்டைகள் ஏற ஆரம்பித்ததும் கொழுந்து எடுக்கிற பெண்களின் கணுக்காலெல்லாம் பொரிந்தது. அதற்கும் அவர்கள் பழகிவிட்டார்கள், மழைக்கும் குளிருக்கும் பழகின மாதிரியே. தாய்மார் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதை விட்டுவிட்டு முதுகில் காது வைத்தார்கள். மாதா கோயிலில் பூசை நடக்கும்போது யாருக்காவது தொண்டைப்புண் இருந்தால் சாமியார் பிரசங்கத்தைக் கொஞ்சம் உரக்கச் சொன்னார். அவ்வளவுதான்.

வியாழக்கிழமைதோறும் கீழே டவுனிலிருந்து எஸ்டேட் டிஸ்பென்சரிக்கு வருகிற டாக்டர் சுகிர்தா தன் மணிக்கட்டைக் காதருகே வைத்துக் கேட்டுவிட்டு, குடையை மடக்கி மூலையில் சாய்த்தார்.

"இது எப்பவும் உள்ள நடக்குறதுதான். சத்தம் மட்டும்தான் புதுசு" என்றார். "ரத்தத்துல முப்பதுக்கும் மேல புரதம் தூங்கிக்கிட்டே சுத்துது. ஒண்ணை எழுப்புனா அது அடுத்ததை வெட்டி எழுப்பும், அது அதுக்கடுத்ததை எழுப்பும். எழுப்புறதுக்குத்தான் மூணு வழி இருக்கு."

வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்களை ஒருத்தர் காலில் ஒருத்தரைக் காது வைக்கச் சொல்லி அவர் விளக்கினார். யேசுவடியானின் காலில் ஒரு பழைய புண் மறுபடி கிளம்பியிருந்தது. அது எடுத்த எடுப்பில் சடசடவென்று பொரிந்தது. "இந்தக் கிருமி இவருக்கு முன்னாடியே வந்தது. அதுக்குன்னு உடம்பு செஞ்சு வெச்ச எதிர்ப்பொருள் நேரா அதும் மேல போய் உக்காந்துக்குது. அடையாளத்தைப் பார்த்ததும் முதல் புரதம் அங்கேயே இறங்கிடுது." காதுவலியோடு வந்திருந்த ஒரு குழந்தையின் காதுக்குள் சத்தம் தயங்கித் தயங்கி, உரசி உரசிப் பற்றியது. "இது புதுக் கிருமி. உடம்புக்கு யாருன்னு தெரியாது. ஆனா கிருமியோட முதுகுல நம்ம செல்லுல இல்லாத மாதிரி ஒரு சர்க்கரைப் பூச்சு இருக்கும். அதைத் தடவிக் கண்டுபிடிக்கிற புரதம் வேற இருக்கு."

"அப்போ சும்மா இருக்கையில கேக்குதே, அது?" என்று கேட்டது பாக்கியசீலி. எட்டாம் லைனில் இருப்பவள், முப்பத்தைந்து வயது இருக்கும், கொழுந்து எடுப்பதில் கை வேகமானவள். அன்று தலைசுற்றலுக்கு மாத்திரை வாங்க வந்திருந்தாள்.

"அதுதான் மூணாவது வழி. யாரும் எழுப்பாமலே அதுல ஒரு புரதம் ஓயாம தானா வெடிச்சு, பக்கத்துல என்ன இருக்கோ அதும் மேல ஒட்டிக்கும். அதுக்கு ஆள் தெரியாது."

"நம்ம மேலயுமா ஒட்டும்?"

"ஒட்டும். ஒட்டுன உடனே நம்ம செல்லு அதைக் கழட்டி விட்டுடும், அதுக்குன்னு ஒரு காவல் அதும் மேலயே இருக்கு. கிருமிக்கு அந்தக் காவல் கிடையாது. அதனால அங்க ஒண்ணு நூறாகும், நூறு ஆயிரமாகும். எந்த வழியில ஆரம்பிச்சாலும் எல்லாம் ஒரே இடத்துலதான் வந்து சேருது. கிருமி மேல கொத்துக் கொத்தா ஒட்டி, அதைத் தின்னுற செல்லுக்குப் பிடிமானம் கொடுக்குது. உடைஞ்ச துண்டுகள் போய் மத்த செல்லையெல்லாம் கூப்பிடுது. கடைசியில வர்றவங்க கூடி நின்னு கிருமியில ஓட்டையே போட்டுடுறாங்க. தண்ணி உள்ள ஏறி அது வெடிக்கும். கடைசியில சொய்ங்குனு கேக்குதுல்ல, அதான்."

சீலி தலையாட்டினாள். மாத்திரையை வாங்கி முந்தியில் முடிந்துகொண்டு வேலைக்குப் போனாள்.

சூப்பர்வைசர் நல்லசிவம் இதிலிருந்து எடுத்துக்கொண்டது வேறு. அடுத்த வாரமே, பொரிகிற சத்தம் கேட்டால்தான் லீவு என்று ஆபீஸில் முடிவானது. இடுப்புப் பிடித்துக்கொண்டவர்களும் மாதவிலக்கு வலியில் சுருண்டவர்களும் தலைபாரம் தாங்காதவர்களும் அவர் முன்னால் வரிசையில் நின்றார்கள், அவர் குனிந்து காதை வைத்துவிட்டு, "ஒண்ணும் கேக்கல, மலைக்குப் போ" என்றார். ஒரு பெண் அவருடைய காதைப் பிடித்து இழுத்து, "வலி உன் காதுக்காய்யா வரும்?" என்று கத்தினாள். அன்றைக்கும் அவளுக்கு லீவு கிடைக்கவில்லை.

சீலியின் சத்தம் அந்த மழைக்காலத்தின் நடுவில் ஆரம்பித்தது. எந்தக் காயமும் இல்லை, அட்டைகூடக் கடிக்கவில்லை. மற்றவர்களுக்கு டிக் என்று வந்து அடங்குகிற அதே சத்தம் அவளுக்கு அடங்கவில்லை, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, விடியும்போது தகரக் கூரையில் கல்மழை கொட்டுவதுபோல் ஆகி, வெயில் ஏறியபின் கொஞ்சம் குறைந்து, ஆனால் நிற்காமல், நாள் முழுக்க அவள் கூடவே கொழுந்துக்கூடை மாதிரி வந்தது. காலையில் போகிற சிறுநீர் பால் விடாத கட்டஞ்சாயா நிறத்தில் இருந்தது. முகம் வெளுத்தது. ஏற்றத்தில் நாலு எட்டு வைத்தால் நெஞ்சு அடைத்தது. அவள் புருஷன் தொபியாஸ், ஃபேக்டரியில் இலை வாட்டுகிற மாடியில் வேலை செய்பவன், அவளைக் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போனான். ஒருவர் மஞ்சக்காமாலை என்றார், ஒருவர் சிறுநீரகக் கல் என்றார், ஒருவர் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார்.

"ஊருக்கே கேக்குது, ஒங்களுக்கு மட்டும் கேக்கலியா?" என்று அவள் கேட்டபோது, "சத்தத்துக்கெல்லாம் மருந்து கிடையாதும்மா" என்றார் மூன்றாமவர்.

எட்டாம் லைனில் யாரும் தூங்கவில்லை. எல்லாரையும்விடத் தூங்காதவள் அடுத்த வீட்டு அமலோற்பவம். அவள் சீலியின் கூடப் பிறந்த அக்கா. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு பலகைத் தடுப்புதான், ஆனால் இரண்டு பேருக்கும் பேச்சில்லை. அமலோற்பவம் பெந்தேகோஸ்தே சபையில் சேர்ந்திருந்தாள். தாயையும் அந்தச் சபைக்குக் கூட்டிப் போய் ஞானஸ்நானம் எடுக்க வைத்திருந்தாள். தாய் இறந்தபோது சீலி எதையும் கேட்காமல் பழைய கோயில் கல்லறையில் தகப்பனுக்குப் பக்கத்தில் அடக்கம் பண்ணிவிட்டாள். பாஸ்டரும் சபையாரும் வந்து சேர்வதற்குள் மண் போட்டு முடிந்திருந்தது. அதிலிருந்து அமலோற்பவம் தங்கையிடம் பேச வேண்டியதையெல்லாம் சுவரிடம்தான் பேசினாள். இப்போது அந்தச் சுவரைத் தோசைக்கரண்டியால் தட்டினாள்.

"மனுஷி உறங்க வேண்டாமா? கர்த்தாவே, இந்தச் சத்தத்துக்கு ஒரு முடிவு கொடும்!"

இந்தப் பக்கத்திலிருந்து சீலியும் சுவரிடமே சொன்னாள்: "நானா போடுறேன்? நானா போடுறேன் இதை?"

லைன்காரர்கள் கூடிப் பேசி அவளை வேறு எங்காவது மாற்றச் சொல்ல ஆபீஸுக்குப் போகவிருந்த சமயத்தில்தான் யானைகள் வந்தன. வருஷாவருஷம் மழை முடியும்போது சோலைக் காட்டிலிருந்து இறங்கி, ரேஷன் கடைக் கதவை நெம்பி, அரிசியை அள்ளி, சத்துணவுக்கூடச் சுவரைச் சாய்த்து, யாருடைய சமையலறையில் உப்பு இருக்கிறதோ அங்கே தும்பிக்கையை விடுகிற அதே கூட்டம். அந்த அந்திப் பொழுதில் அது எட்டாம் லைனுக்கு மேலிருக்கும் தேயிலைச் சரிவு வரை வந்தது. சீலி வாசலில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் வந்த பெரிய பெண்யானை காதை விரித்து நின்று கேட்டது, ஒரு காலைத் தூக்கிக் கீழே வைக்காமல் யோசித்தது, பிறகு முழுக்கூட்டத்தையும் திருப்பிக்கொண்டு போய்விட்டது. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த வாரமும் அப்படியே.

அதோடு எல்லாம் மாறிவிட்டது. அவளை மாற்றச் சொல்லப் போகவிருந்தவர்கள் அவளுக்கு முட்டையும் பீட்ரூட்டும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்தார்கள். நல்லசிவம் அவளைக் கொழுந்து எடுப்பதிலிருந்து எடுத்து யானைக்காவலுக்குப் போட்டார், ரேஷன் கடைக்கு மேலே ஒரு கொட்டகை, ஒரு நாற்காலி, ஒரு கம்பளி. உட்கார்ந்திருப்பதுதான் வேலை. பக்கத்து எஸ்டேட்காரர்கள் அவளை வாரத்தில் ஒருநாள் தங்களுக்கும் அனுப்பச் சொல்லிக் கேட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடி அவள் மேலும் வெளுத்தாள், நகம் மெழுகாகியது, அவளைத் தாண்டிப் போகிறவர்கள், "சீலி இருக்குற வரைக்கும் நமக்கென்னம்மா" என்று அவள் காதுபடவே சந்தோஷப்பட்டார்கள்.

ஒருமுறை அவளுக்குச் சளி பிடித்துக் காய்ச்சல் வந்தது. சத்தம் மலைமுகடு வரை போய் எதிரொலித்தது. தொபியாஸ் டிஸ்பென்சரிக்கு மாத்திரை வாங்க ஓடியபோது நல்லசிவம் வழியில் நிறுத்தினார்.

"அவசரப்படாதப்பா. காய்ச்சல் இருந்தா நல்லா தூரமா கேக்குது. ரெண்டு நாள் போகட்டும், யானை கீழ்க்காட்டுல நிக்குதாம்."

தொபியாஸ் அதுவரை யார் மேலும் கை நீட்டாதவன். அன்று நல்லசிவத்தின் குடையைப் பிடுங்கி முழங்காலில் வைத்து உடைத்தான். உடைத்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் உடைந்த இரண்டு துண்டையும் அவர் கையிலேயே கொடுத்துவிட்டு ஓடினான்.

எஸ்டேட் ஆண்டுவிழாவில் மேனேஜர் தொரை அவளை மேடைக்கு அழைத்துச் சால்வை போர்த்தினார். எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டலுக்கு மேல் அவள் ரத்தம் கேட்டது. சீலி மேடையின் கம்பத்தைப் பிடித்து நின்றுகொண்டு, மைக்கைத் தன் பக்கம் இழுத்து, "எனக்கு உடம்பு சரியில்ல. நான் செத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள். கைதட்டல் இன்னும் பலமாக எழுந்தது. அவள் சால்வையைச் சுருட்டித் தொரையின் மடியில் போட்டுவிட்டு, தொபியாஸ் தாங்கிப் பிடிக்க, இறங்கி நடந்தாள்.

டாக்டர் சுகிர்தா அந்தக் காய்ச்சலின்போதே அவள் ரத்தத்தைக் கோயம்புத்தூருக்கு அனுப்பியிருந்தார். முடிவு வந்ததும் வியாழக்கிழமைக்குக் காத்திராமல் அவரே லைனுக்கு ஏறி வந்து, சீலியின் கட்டிலில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு நீங்கதானே கேட்டீங்க, நம்ம மேலயும் ஒட்டுமான்னு. உங்க சிவப்பணுக்கள்ல அந்தக் காவல் இல்ல. ரத்தம் ஊறுற மஜ்ஜையில எங்கேயோ ஒரு செல்லு பிசகிப்போச்சு, அதுல இருந்து பிறக்குற எல்லாத்துக்கும் காவல் இல்லாமப் போச்சு. ஒட்டுறதைக் கழட்டிவிட ஆள் இல்ல. அதனால அந்தப் புரதங்களே உங்க ரத்தத்தைக் கிருமின்னு நினைச்சு ஓட்டை போடுது. காலையில சிறுநீர்ல போறது உடைஞ்ச ரத்தம்தான்."

"நிறுத்த முடியாதா?"

"அந்தப் புரதத்தைக் கட்டிப்போடுற மருந்து ஒண்ணு இருக்கு. நான் எங்கெங்கயோ கேட்டுப் பார்த்துட்டேன், நமக்குக் கிடைக்கிற மாதிரி இல்ல." டாக்டரின் குரலில் கோபம் இருந்தது, யார் மேல் என்று அவருக்கே தெரியவில்லை. "மஜ்ஜையையே மாத்தலாம். ஆபத்து இருக்கு, மறைக்கல. ஆனா கூடப் பிறந்தவங்களோடது பொருந்தினா நல்லா ஆகுறதுக்கு வாய்ப்பும் இருக்கு. உங்களுக்கு யாராவது?"

சீலி பலகைத் தடுப்பைப் பார்த்தாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றிருந்தது.

அமலோற்பவம் ரத்தம் கொடுத்துப் பார்க்கச் சம்மதித்தது தொபியாஸ் போய்க் கேட்டதால் அல்ல, டாக்டர் நேராக அவள் வீட்டுக்குள் ஊசியோடு நுழைந்துவிட்டதால். பொருந்தியது. பொருந்தியது என்று தெரிந்த நாளிலிருந்து அவள் வீட்டுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். தொழிற்சங்கத்துக்காரர் வந்து, இடுப்பெலும்பில் ஊசி போட்டால் அப்புறம் கூடை தூக்க முடியாது என்றார். ரேஷன் கடைக்காரர் போன வருஷம் உடைந்த சுவரை நினைவுபடுத்தினார். நல்லசிவம் புதுக் குடையோடு வந்து, "ஒங்க தங்கச்சிக்கு நல்லது பண்ணுறேன்னு ஊருக்கு வேலியை எடுத்துடாதீங்கம்மா" என்றார். பாஸ்டர்கூட வந்து, கர்த்தர் ஒருத்தியின் பாடுகளால் அநேகரைக் காப்பதும் உண்டு என்று, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஒவ்வொருத்தர் பேசும்போதும் சுவருக்குப் பின்னால் அந்தச் சத்தம் பொரிந்துகொண்டே இருந்தது, பேசுகிறவர்கள் அதற்கு மேல் குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

பாஸ்டர் போனபின் அமலோற்பவம் அடுப்பை அணைத்தாள், செருப்பைப் போட்டுக்கொண்டாள், தன் வாசலிலிருந்து இறங்கி அடுத்த வாசலில் ஏறினாள். கட்டிலில் சீலி எழுந்து உட்கார முயன்றாள்.

"எந்திரிக்காதே" என்றாள் அமலோற்பவம். "நான் ஒனக்காக வரல. என் தூக்கத்துக்காக வரேன். எனக்கு வெறுத்துப்போச்சு. இந்தச் சத்தமும் வெறுத்துப்போச்சு, இந்த ஜனங்களும் வெறுத்துப்போச்சு. ஒரு ஆம்பளையாவது வீட்டுக்கு ஒருத்தர்னு முறைபோட்டுக் காவலுக்கு நிக்கலாம்னு சொன்னானா? யானையை விரட்ட என் தங்கச்சிதான் சாகணுமா?"

"அக்கா…"

"பேசாதே. அம்மாவை நீ பொதைச்ச எடம் தப்பு. அந்தக் கோவம் அப்படியே இருக்கு, அது வேற. எப்போ பஸ்ஸுன்னு மட்டும் சொல்லு."

டாக்டர் யார் யாரிடமோ போனில் சண்டை போட்டுக் கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் இடம் வாங்கினார். பஸ் ஏறுகிற அன்று வழியனுப்ப யாரும் வரவில்லை. யேசுவடியான் மட்டும் தூரத்தில் வேலை பார்த்தபடியே கையைத் தூக்கினார். ஆஸ்பத்திரியில் சீலியின் பழைய மஜ்ஜையை மருந்து கொடுத்து அழித்தார்கள், முடி கொட்டியது, வாயெல்லாம் புண்ணானது, கண்ணாடிக் கதவுக்கு அப்பால் யாரையும் விடவில்லை. அக்காவின் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த மஜ்ஜை ஒரு பையில் தொங்கி, சாதாரண ரத்தம் மாதிரியே சொட்டுச் சொட்டாக இறங்கியது. அது உடம்பில் பிடிக்குமா என்று தெரியாத அந்த வாரங்களில் அவளுடைய ரத்தம் எப்போதையும்விட மோசமாகக் கத்தியது, வார்டில் இருந்த நர்சுகள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்கள், தொபியாஸ் கண்ணாடிக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, "போதும், போதும்" என்று யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல் சொல்லிக்கொண்டிருந்தான்.

பிறகு ஒரு காலை, காப்பி வண்டி வருகிற நேரம், சத்தம் தேய்ந்துகொண்டே வந்து டிக் என்று ஒன்று கேட்டது. அடங்கியது. வெகுநேரம் கழித்து இன்னொன்று கேட்டது. அதுவும் அடங்கியது. நர்சு காதிலிருந்து பஞ்சை எடுத்தாள். சீலியின் சிறுநீர் அன்று தண்ணீர் நிறத்தில் இருந்தது, அதை அவள் நர்சைக் கூப்பிட்டுக் காட்டினாள், நர்சு அடுத்த நர்சைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

அவள் எஸ்டேட்டுக்குத் திரும்பியபோது அடுத்த வருஷம் பிறந்திருந்தது. தலையில் குட்டை முடி முளைத்திருந்தது. யானைகள் வந்து போயிருந்தன, ரேஷன் கடைக்கு இரும்புக் கதவு போட்டிருந்தார்கள், சத்துணவுக்கூடம் தார்ப்பாயின் கீழ் நடந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கியவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ரேஷன் கடைக்காரர் மட்டும், "பார்த்தியா, ஒன்னால என்ன ஆச்சுன்னு" என்றார்.

"என்னால இல்ல, யானையால" என்றாள் சீலி. அவளுக்குக் கோபம் வந்தது, அதையும் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினாள். கோபம் தவிர வேறெதுவும் நெஞ்சை அடைக்கவில்லை என்பது பாதி மேடு ஏறிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு, ஒரு நாள் மாலை, கொழுந்து எடை போட்டுவிட்டுத் தனியாக வந்துகொண்டிருந்தாள். பனி இறங்கியிருந்தது. குறுக்குப் பாதையின் வளைவில், கை நீட்டினால் தொடலாம் என்கிற தூரத்தில், அந்தப் பெரிய பெண்யானை நின்றது. அதன் வயிற்றுக்கடியில் ஒரு குட்டி. யானை காதை விரித்தது. கேட்பதற்கு எதுவும் இல்லை. தும்பிக்கையைத் தூக்கி அவள் பக்கம் நீட்டியது.

சீலிக்குப் பயம் வந்தது. கொட்டகை நாற்காலியில் உட்கார்ந்திருந்த நாட்களில் ஒருமுறைகூட வராத பயம். அவள் காலிக் கூடையை வீசிவிட்டு ஓடினாள். தேயிலைச் சரிவில் நேராக மேலே, செருப்பு ஒன்று கழன்று போக, கிளைகள் கணுக்காலைக் கிழிக்க, கத்திக்கொண்டே ஓடினாள், பின்னால் கூடை நொறுங்குகிற சத்தம் கேட்டது, அவள் நிற்கவில்லை, மூச்சு நிற்கவில்லை, லைன் வரைக்கும் அப்படியே ஓடி, முதலில் கைக்கு அகப்பட்ட கதவை இரண்டு கையாலும் அறைந்தாள். அது அமலோற்பவத்தின் கதவு.

கதவு திறந்தது. அமலோற்பவம் அவளை மயிரோடு பற்றி உள்ளே இழுத்துத் தாழ்ப்பாள் போட்டாள்.

"அறிவிருக்காடி ஒனக்கு? பனி இறங்குன பொறவு குறுக்குப் பாதையில வருவியா? எலும்பைக் குடைஞ்சு கொடுத்தது இதுக்காகவா?"

"யானை, அக்கா…"

"தெரியுது. கட்டிலைப் பிடி."

இருவரும் கட்டிலை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்து அதன் மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்கள். வெளியே வாழைத்தண்டு முறிகிற சத்தம், குட்டி எதையோ மெல்லுகிற சத்தம். தூரத்தில் யாரோ முதல் ஆளாகத் தகரத்தைத் தட்டினார்கள், பிறகு அடுத்த லைனில், பிறகு ஃபேக்டரிப் பக்கம், ஆண்களின் குரல்கள் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டு வெளியே வந்தன.

"இப்பத்தான் ரோஷம் வந்துருக்கு இவனுங்களுக்கு" என்றாள் அமலோற்பவம். மூச்சு வாங்கியபடி தங்கையின் கிழிந்த, மெல்லப் பொரியத் தொடங்கிய கணுக்காலைப் பார்த்தாள், முந்தியின் நுனியை எச்சிலால் நனைத்து, இன்னும் திட்டிக்கொண்டே, அதைத் துடைக்க ஆரம்பித்தாள்.